பேரேட்டில் ஒரு சொதி

எங்கள் வீட்டு அலமாரியில் சிவப்புத் துணி அட்டை போட்ட ஒரு நீளப் பேரேடு இருக்கிறது. முதல் நாற்பது பக்கமும் தாத்தாவின் கையெழுத்து. கொச்சி மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் ஒரு மலைச்சரக்கு மண்டியில் அவர் கணக்குப்பிள்ளையாக இருந்தார். மிளகு இத்தனை சாக்கு, சுக்கு இத்தனை சாக்கு, வண்டிக்கூலி, தோணிக்கூலி, சாக்குத் தைக்கிற சணல் என்று வரிசையாக எழுதியிருப்பார். ஆண்டு முடிந்து மண்டிக்குப் புது ஏடு வந்ததும் மிச்சமிருந்த வெற்றுப் பக்கங்களோடு பழையதை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். நாற்பத்தோராம் பக்கத்திலிருந்து ஆச்சியின் எழுத்து தொடங்குகிறது. மேலே பிள்ளையார் சுழி, அதற்குக் கீழே 'மாப்பிள்ளைச் சொதி'.

ஏட்டில் கணக்குக்காக ஏற்கெனவே கோடு அடித்திருந்தது. இடப்பக்கம் வரவு, வலப்பக்கம் செலவு. ஆச்சி அந்தக் கோட்டை மீறவில்லை. சாமான்களையெல்லாம் வரவுப் பக்கத்தில் எழுதினாள்: தேங்காய் பெரிசு ஒன்று, பாசிப்பருப்பு, முருங்கைக்காய், சின்ன உள்ளி, பச்சை மிளகாய், இஞ்சி, எலுமிச்சம்பழம். செய்முறையைச் செலவுப் பக்கத்தில் எழுதினாள். எந்தச் சாமான் எந்த வேலைக்குப் போகிறதோ அதற்கு நேர் எதிரே அந்த வேலை. தேங்காய் மட்டும் மூன்று வரி எடுத்துக்கொள்கிறது. மூன்றாம் பாலில் காயை வேகவை. இரண்டாம் பாலும் பருப்பும் சேர்த்துக் கொதிக்கவிடு. முதல் பால் ஊற்றி நுரை கூடும்போது இறக்கு. கடைசியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: 'மத்தது மதினியைக் கேக்கணும்.'

நான் செயலிகளுக்குத் திரை வடிவமைக்கிறவள். பதினைந்து வருடமாக இதுதான் பிழைப்பு. இரண்டு வருடத்துக்கு முன் ஒரு சமையல் குறிப்புச் செயலியைப் புதுப்பித்துத் தரும் வேலை வந்தது. ஆட்கள் செயலியைத் திறக்கிறார்கள், ஒரு குறிப்பைப் பார்க்கிறார்கள், பாதியில் விட்டுவிடுகிறார்கள், அது ஏன் என்று கண்டுபிடிக்க வேண்டும். முதல் மாதம் முழுக்க நிறத்தையும் எழுத்துருவையும் பொத்தான் இருக்கும் இடத்தையும் மாற்றிக்கொண்டிருந்தேன். பிறகு அடுத்த வீட்டு இத்தாவிடம் போனைக் கொடுத்து, அதில் நானே ஏற்றியிருந்த சொதியைச் செய்யச் சொன்னேன். இத்தாவுக்கு எழுபது வயதுக்கு மேல். கல்யாணத்துக்கு இருநூறு பேருக்கு அலட்டாமல் ஆக்கிப்போடுகிறவர். கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது.

"மோளே, தேங்காய்ப்பால் மூணு கப்புன்னு போட்டிருக்கே. எந்தப் பாலு? ஒண்ணாம் பாலா, ரெண்டாம் பாலா?"

என்னிடம் பதில் இருந்தது. செயலியிடம் இல்லை. அதே வாரம் மான்செஸ்டரில் படிக்கும் என் அண்ணன் மகள் அதே குறிப்பைப் பார்த்து மூன்று கப் பாலையும் ஒன்றாக ஊற்றிக் கொதிக்கவிட்டிருந்தாள். திரிந்துபோன சட்டியைப் படம் பிடித்து அனுப்பினாள். இத்தாவிடம் கேள்வி கேட்கிற அளவுக்குக் கைப்பழக்கம் இருந்தது. என் மருமகளிடம் அந்தக் கேள்வியே இல்லை. அன்றைக்குத்தான் பேரேட்டை எடுத்து மேசையில் வைத்தேன். சமையல் குறிப்பு என்ற வடிவம் எங்கிருந்து வந்தது, அதில் எது எப்போது சேர்ந்தது, எது எப்போது கழன்றது என்று பார்த்தால் ஒழிய இந்த வேலையைச் செய்ய முடியாது என்று தோன்றியது.

தமிழில் உணவை எழுதிவைத்த பழைய இடங்களில் ஒன்று கோயில் சுவர். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜராஜன் காலத்துக் கல்வெட்டுகளைப் பாருங்கள். அமுதுபடிக்கு அரிசி இவ்வளவு, பருப்பமுதுக்கு இவ்வளவு, நெய்யமுது, கறியமுது, தயிரமுது, அடைக்காயமுது என்று ஆழாக்கு உழக்குக் கணக்காக வெட்டியிருக்கும். அளந்த மரக்காலுக்குக்கூட 'ஆடவல்லான்' என்று பெயர் உண்டு. அளவில் அத்தனை கறார். எப்படிச் சமைக்க வேண்டும் என்பது பற்றி மட்டும் பேச்சே இல்லை. அது தேவைப்படவும் இல்லை. மடைப்பள்ளியில் பரிசாரகர் இருக்கிறார், அவருக்குப் பின் அவர் பிள்ளை இருக்கிறான். கல்வெட்டு பேசுவது பண்டாரத்தோடு. நெய் குறைந்தால் யாரைக் கேட்பது என்பதற்காக எழுதப்பட்டது அது.

சாமான் பட்டியல் பிறந்தது கணக்குப்பிள்ளையின் வீட்டில், செய்முறை பிறந்தது அடுப்படிப் பேச்சில் என்று எனக்குப் படுகிறது. இரண்டும் வெகுகாலம் தனித்தனியாகவே வளர்ந்தன. செய்முறை தாளில் ஏறியதெல்லாம், சொல்லிக்கொடுக்கிற ஆள் பக்கத்தில் இல்லாமல் போன சமயங்களில்தான்.

எங்கள் கொச்சியிலேயே அதற்குப் பெரிய சாட்சி இருக்கிறது. டச்சு மலபாரின் ஆளுநராக இருந்த ஹென்ட்ரிக் வான் ரீடு தொகுத்த 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்'. 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக அச்சானது. தாவர நூல் என்றுதான் சொல்வார்கள், ஆனால் புரட்டிப் பார்த்தால் பாதி பக்குவ நூல். இந்தச் செடியின் வேரை இடித்து, இந்த இலையை வேகவைத்து, இன்ன நோய்க்குக் கொடு என்று போகும். செடிகளைப் பற்றி முக்கியமாகச் சொன்னவர் சேர்த்தலைப் பக்கம் கடக்கரப்பள்ளியைச் சேர்ந்த ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன். கூட இருந்து சரிபார்த்தவர்கள் ரங்க பட், விநாயக பண்டிதர், அப்பு பட் என்ற மூன்று கொங்கணிப் பிராமணர்கள். 1675 ஏப்ரலில் இவர்கள் எழுதிக்கொடுத்த சான்றுகள் முதல் தொகுதியிலேயே அச்சாகியிருக்கின்றன. அச்சுதனுடையது கோலெழுத்தில், கொங்கணியருடையது நாகரியில்.

அந்தப் புத்தகத்தின் படத்தகடுகளை முதன்முதலில் உற்றுப் பார்த்தபோது எனக்குத் தொழில் உணர்வு பொங்கிவிட்டது. செடியின் படத்துக்கு மேலேயே அதன் பெயர் லத்தீனில், மலையாளத்தில், அரபியில், நாகரியில் இருக்கிறது. மலையாள எழுத்து அச்சில் முதலில் ஏறியது இந்தப் புத்தகத்தில்தான். சந்தைக்குப் போகிற கொங்கணி ஒரு பெயரைப் படிப்பார், அரபு வியாபாரி இன்னொன்றைப் படிப்பார், ஆம்ஸ்டர்டாம் மருந்துக் கடைக்காரர் வேறொன்றை. செடி ஒன்றுதான். வாசிக்கிறவர்கள் யார் யார் என்று யோசித்து ஒரே பக்கத்தில் எல்லாருக்கும் இடம் வைத்திருக்கிறார்கள். முந்நூற்றைம்பது வருடத்துக்குப் பிறகு என் செயலியில் 'கொத்தமல்லி' என்று தேடினால் தழை வருமா விதை வருமா என்று எனக்கே தெரியவில்லை.

ஆனால் அந்தப் பக்கங்களில் இழப்பும் இருக்கிறது. அச்சுதன் மலையாளத்தில் சொன்னதை இம்மானுவேல் கர்னேரோ என்ற துபாஷி போர்ச்சுகீசியத்தில் மாற்றினார். அங்கிருந்து அது லத்தீனுக்குப் போனது. வைத்தியர் வாயால் சொல்லும்போது கூடவே விரலும் பேசும். நம் வைத்திய ஏடுகளில் 'திரிகடி' என்று ஓர் அளவு உண்டு, மூன்று விரல் நுனியில் நிற்கிற பொடி. 'வெருகடி' என்று இன்னொன்று. வெருகு என்றால் காட்டுப்பூனை, அதன் பாதம் போல விரலைக் குவித்து எடுப்பது. இப்படிப்பட்ட அளவை விரலோடு காட்டிவிடலாம். மூன்று பாஷை தாண்டும்போது விரல் கரையிலேயே நின்றுவிடும்.

சமையல் புத்தகத்தின் உருவத்தைப் பொறுத்தவரை இன்று உலகம் முழுக்கப் புழங்குவது இங்கிலாந்தில் உருவானது. எலைசா ஆக்டன் 1845இல் தன் புத்தகத்தில் சாமான் பட்டியலைத் தனியாகப் பிரித்து ஒவ்வொரு குறிப்பின் கடைசியிலும் வைத்தார். 1861இல் இசபெல்லா பீட்டன் அதை மேலே கொண்டுபோனார். பட்டியல் மேலே போனதும் கடைக்குப் போகிறவருக்குச் சௌகரியம் வந்தது, அடுப்பின் முன் நிற்கிறவருக்கு ஒரு தொல்லை வந்தது. ஒவ்வொரு படியிலும் அளவுக்காக மேலே பார்த்துவிட்டுக் கீழே வர வேண்டும். புத்தகத்தில் அது ஒரு பார்வை தூரம். போன் திரையிலோ விரலால் தள்ளித் தள்ளிப் போக வேண்டிய தூரம், அதுவும் தேங்காய்ப்பால் வழியும் விரலால். இத்தா சொதி செய்து முடிப்பதற்குள் மேலும் கீழும் பதினேழு முறை தள்ளினார். நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். ஆறு முறை திரை அணைந்தது. மூன்று முறை முழங்கையால் தட்டி எழுப்பினார். ஆச்சியின் ஏட்டில் இந்தத் தொல்லையே கிடையாது, அளவுக்கு நேரே வேலை இருக்கிறது. யாரும் அவளுக்கு வடிவமைப்புச் சொல்லித்தரவில்லை, தாத்தா போட்ட கோடு சொல்லித்தந்தது.

அளவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். 1896இல் பாஸ்டனில் ஃபேனி ஃபார்மர் கரண்டியைத் தலைதட்டி அளக்கச் சொன்னதைச் சமையல் எழுத்தில் பெரிய திருப்பம் என்பார்கள். பெரிய விஷயம்தான். ஆனால் நம் ஊரில் நெல் அளக்கிற எந்தக் கையும் தலைதட்டுவதற்கும் கோபுரமாக அளப்பதற்கும் வித்தியாசம் அறிந்திருந்தது. நம் சிக்கல் வேறு: ஒரே பெயர் ஊருக்கு ஊர் வேறு அளவாக இருந்தது. தமிழ் வாய்ப்பாட்டில் நாழி என்றால் படி, எட்டு ஆழாக்கு. மட்டாஞ்சேரிக் கடையில் நான்கு நாழி சேர்ந்தால்தான் ஒரு இடங்கழி, பத்து இடங்கழி ஒரு பறை. இங்கத்த நாழி அத்தனை சிறிசு. திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி வந்த ஆச்சி முதல் மாதம் அரிசி வாங்கி ஏமாந்திருக்க வேண்டும். ஏட்டில் ஒவ்வோர் இடத்திலும் 'ஊர் நாழி', 'இங்கத்த நாழி' என்று பிரித்து எழுதியிருக்கிறாள்.

அதன் மேல் மெட்ரிக் முறை வந்தது. 1956இல் சட்டம், 1958 அக்டோபர் முதல் படிப்படியாகப் புது எடைக்கற்கள். மண்டியில் தாத்தா வீசையையும் பலத்தையும் கிலோவாக மாற்றிக் கணக்கெழுதினார். ஒரு வீசை நாற்பது பலம், அதாவது 1,400 கிராம். ஒரு பலம் 35 கிராம். ஆச்சியின் பக்கங்களில் அந்த மாற்றம் கண்ணுக்குத் தெரிகிறது. 'புளி 2 பலம்' என்பதை அடித்துவிட்டு '70 கிராம்' என்று எழுதி, அதையும் அடித்துவிட்டு 'பெரிய எலுமிச்சங்காய் அளவு' என்று எழுதியிருக்கிறாள். சர்க்கார் கற்களை மாற்றினாலும் எலுமிச்சங்காய் மாறாது என்று அவளுக்குத் தோன்றியிருக்கும். புளிக்கு எலுமிச்சங்காய், நெல்லிக்காய், கொட்டைப்பாக்கு. பெருங்காயத்துக்குச் சுண்டைக்காய். இவற்றை நான் பழசு என்று தள்ளமாட்டேன். தராசு இல்லாத அடுக்களையில் எல்லாருக்கும் தெரிந்த, எங்கும் கிடைக்கிற படிக்கற்கள் அவை.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் நம் பெண்கள் அச்சில் எழுத வந்தார்கள். 1951இல் எஸ். மீனாட்சி அம்மாளின் 'சமைத்துப் பார்' முதல் பாகம் வந்தது. வீட்டிலும் உறவிலும் ஓயாமல் குறிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள், புத்தகமாகவே போட்டுவிடு என்று ஊக்கியவர் அவருடைய உறவினர் கே.வி. கிருஷ்ணசாமி ஐயர். இரண்டே வருடத்தில், 1953இல், மலையாள மனோரமாவில் திருமதி கே.எம். மாத்யு சமையல் பத்தி எழுதத் தொடங்கினார், மாமனார் கே.சி. மாம்மன் மாப்பிள்ளை தந்த ஊக்கத்தில். பிறகு 1975இல் 'வனிதா' பத்திரிகை வந்தபோது அதன் ஆசிரியரும் ஆனார். இரண்டு பேரும் யாருக்காக எழுதினார்கள் என்று பார்த்தால் எனக்கு மனம் நெகிழ்கிறது. புருஷனுக்கு டெல்லியிலோ பம்பாயிலோ வேலை, தனிக்குடித்தனம், மாமியாரும் இல்லை, அம்மாவும் இல்லை. 'சமைத்துப் பார்' அப்படிப்பட்ட பெண்ணிடம் பேசுகிற புத்தகம். தெரிந்திருக்குமே என்று எதையும் விடாது. கல்யாணப் பெட்டியில் வைத்து அனுப்பினார்கள் என்பது ஒரு வீட்டுக் கதை இல்லை, எத்தனையோ வீட்டுக் கதை. அம்மா கூட வர முடியாத இடத்துக்கு அந்தப் புத்தகம் போனது.

மட்டாஞ்சேரிக்கு இப்படி ஆட்கள் கிளம்பிப்போவது புதிதே அல்ல. கோவாவிலிருந்து தப்பி வந்த கொங்கணியர், குஜராத்திகள், கச்சி மேமன்கள், திருநெல்வேலிக்காரர்கள் என்று வந்தவர்களால் ஆன ஊர், போனவர்களாலும் ஆனது. 1950களில் யூதத் தெருவான ஜூ டவுனிலிருந்தும் சுற்றுவட்டாரத்திலிருந்தும் யூதர்கள் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடிபெயர்ந்தார்கள். போகும்போது அவர்கள் வீட்டுப் பெண்கள் எடுத்துப்போனவற்றில் கையெழுத்து நோட்டுகள் உண்டு, தலைமுறை தலைமுறையாகப் பெண்கள் பாடிய மலையாளப் பாட்டுகளை எழுதிவைத்தவை. சடங்குக்கும் கல்யாணத்துக்கும் வேண்டிய பாட்டுகள். மெட்டு எழுதப்படவில்லை, அது பாடுகிறவர்களின் தொண்டையில் இருந்தது. பின்னாளில் ஆய்வாளர்கள் அந்த நோட்டுகளைச் சேர்த்தபோது வயதான பெண்களைத் தேடிப்போய்ப் பாடச் சொல்லிக் கேட்க வேண்டியிருந்தது. ஆச்சியின் 'மதினியைக் கேக்கணும்' என்ற வரி எனக்கு அங்கே ஞாபகம் வந்தது. சொல் தாளில், மெட்டு ஆளிடம்.

குரல் போய்த் திரை வந்ததை இந்தத் தெரு இன்னொரு விதத்திலும் பார்த்திருக்கிறது. ஜூ டவுனில் மிளகு வியாபாரிகள் சங்கத்துக் கட்டடத்தில் 1957 முதல் முன்பேர வர்த்தகம் நடந்தது. வளையத்தைச் சுற்றி நின்று தொண்டை கிழியக் கூவித்தான் விலை பேசுவார்கள். யார் குரல் தடுமாறுகிறது, யார் அவசரப்படுகிறார் என்பதைக் கேட்டே சந்தையைச் சொல்லிவிடலாம் என்பார் தாத்தா. பின்னாளில் வர்த்தகம் கணினிக்குப் போனது, கூச்சல் அடங்கியது. விலை முன்னைவிட வேகமாகவும் தெளிவாகவும் தெரிந்தது. குரலில் இருந்த மற்ற சேதி தெரியவில்லை.

சமையலைக் கணினியில் ஏற்றிய தொடக்க கால முயற்சி ஒன்று எங்கே வழுக்கியது என்பதும் இதோடு சேர்ந்தது. 1969இல் அமெரிக்காவில் நீமன் மார்க்கஸ் கடையின் கிறிஸ்துமஸ் விலைப்பட்டியலில் ஹனிவெல் நிறுவனத்தின் 'கிச்சன் கம்ப்யூட்டர்' வந்தது. விலை 10,600 டாலர். கூடவே காய் நறுக்கப் பலகை, ஏப்ரன், இரண்டு வாரப் பயிற்சி. குறிப்பைக் கேட்க முன்பக்கத்துச் சுவிட்சுகளைத் தட்ட வேண்டும், பதில் விளக்குகளாக எரியும், அதைப் பூஜ்யம் ஒன்று என்று படித்துக்கொள்ள வேண்டும். ஒன்றுகூட விற்றதாகத் தெரியவில்லை. கருவி என்ன செய்யும் என்று ஆயிரம் யோசித்தவர்கள், அடுப்பின் முன் நிற்கிறவள் கையில் என்ன இருக்கிறது என்று யோசிக்கவில்லை. நாங்கள் செய்த முதல் வடிவமும் அழகாக இருந்தது, விளக்குகள் எரிந்தன, அவ்வளவே.

ஆகவே வேலையை மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். இந்தத் தடவை ஆச்சியின் கோட்டிலிருந்து. மேலே இருக்கிற பட்டியல் கடைக்குப் போவதற்கு மட்டும். அடுப்புக்கு முன்னால் திறந்தால் ஒவ்வொரு படிக்குள்ளேயும் அதற்குரிய சாமானும் அளவும் நேர் நேராக வரும். தேங்காய்ப்பால் இனி மூன்று கப் கிடையாது: ஒரு தேங்காய், மூன்று பால், மூன்று வெவ்வேறு இடத்தில். திரை அணையாது. புளி என்றால் உள்ளங்கையில் வைத்த எலுமிச்சங்காயின் படம், பக்கத்தில் கிராம். படி, நாழி என்று எழுதியவர்கள் எந்த ஊர்க்காரர் என்று செயலி குறிப்பிலேயே கேட்டு வைத்துக்கொள்கிறது. கொத்தமல்லிக்குத் தழை, விதை இரண்டும் நான்கு மொழிப் பெயரோடு தனித்தனியாக வருகின்றன. வான் ரீடின் தகட்டைப் பார்த்து வைத்ததுதான்.

இவற்றுக்கெல்லாம் நிறுவனத்தில் உடனே சம்மதம் கிடைத்தது. ஒன்றுக்குத்தான் மூன்று கூட்டம் சண்டை போட்டேன். ஒவ்வொரு குறிப்பின் கடைசியிலும் 'கேட்க வேண்டியவர்' என்று ஒரு பொத்தான். அமுக்கினால் நாம் முன்பே எழுதிவைத்த எண்ணுக்குப் போன் போகும். செயலியை விட்டு ஆளை வெளியே அனுப்புகிற பொத்தானை யாராவது வைப்பார்களா என்று கேட்டார்கள். அவர்கள் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது, ஆட்கள் பாதியில் விடுகிறார்கள் என்பதற்குத்தானே என்னைக் கூப்பிட்டார்கள். நான் பேரேட்டைக் கொண்டுபோய் மேசையில் விரித்து அந்தக் கடைசி வரியைக் காட்டினேன். சரி, மூன்று மாதம் வைத்துப் பார்ப்போம் என்றார்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மான்செஸ்டரிலிருந்து போன் வந்தது. பேசுவதற்கு முன் கரண்டி சட்டியில் உரசும் சத்தம் கேட்டது.

"அத்தை, முதல் பால் ஊத்திட்டேன். ஓரத்துல வெள்ளையா கூடி வருது. கொதிக்குதா, நுரையா?"

"ஓரத்துல மட்டும்தானா, நடுவுலயுமா?"

"ஓரத்துல மட்டும். ஆ, இப்ப நடுவுக்கு வருது."

"இறக்கிரு. இறக்கிட்டு எலுமிச்சம்பழம் பிழி."

அடுப்பு அணைகிற 'டிக்' சத்தம் எனக்குக் கேட்டது.